கப்பல் கிடைக்கும், ஓடாவி கிடைப்பாரா? மிஞ்சியிருக்கும் சீன ஜங்க் மரக்கலங்கள்

2022 நவம்பர் மாதம். ஷாங்காய்க்குப் பக்கத்தில், யாங்சி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், சேற்றுக்குள் புதைந்து கிடந்த ஒரு பழைய மரக்கப்பலை வெளியே எடுத்தார்கள். கயிறு கட்டி இழுத்தால் உதிர்ந்துவிடும். அதனால் 22 ராட்சத வளைவு உத்தரங்களைக் கப்பலுக்கு அடியில் ஒவ்வொன்றாகச் செலுத்தி, சுற்றியிருந்த சேற்றோடு சேர்த்து, குழந்தையைத் தொட்டிலோடு தூக்குவதுபோல மொத்தமாகத் தூக்கினார்கள். 38 மீட்டர் நீளம், ஏறத்தாழ 10 மீட்டர் அகலம், உள்ளே 31 அறைகள். சிங் வம்சத்துத் தோங்ஜி பேரரசர் காலத்தில், அதாவது 1862க்கும் 1874க்கும் இடையில், சரக்கு ஏற்றிப் போன பாய்க்கப்பல் அது. உள்ளே ஜிங்தேஜென் ஊரின் பீங்கான்கள் இருந்தன. இப்போது அது ஷாங்காயின் பழைய கப்பல் பட்டறை ஒன்றின் துறைக்குள் இருக்கிறது. ஆய்வாளர்கள் ஈரம் குறையாமல் பார்த்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே நாட்டின் தென்கிழக்குக் கரையில் ஃபூஜியன் மாநிலம் இருக்கிறது. அப்படிப்பட்ட கப்பலைக் கட்டத் தெரிந்த கைகள் அங்கேதான் மிஞ்சியிருக்கின்றன. 2010இல் யுனெஸ்கோ, சீன ஜங்க் கப்பலின் நீர்புகா அறைகளைக் கட்டும் நுட்பத்தை ‘உடனடியாகக் காப்பாற்றப்பட வேண்டியவை’ என்ற பட்டியலில் சேர்த்தது. அந்த நுட்பம் முழுவதும் கைவரப்பெற்ற மூத்த ஓடாவிகள், அதாவது மரக்கலம் கட்டும் தச்சர்கள், எத்தனை பேர் என்று அப்போது எழுதி வைத்தார்கள் தெரியுமா? மூன்று பேர்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரு கேள்வி ஓயவில்லை. மூழ்கிப் போன கப்பலைத் தூக்க இவ்வளவு அறிவும் பணமும் பொறுமையும் திரட்ட முடிகிறது. மிதக்கிற கப்பலையும் அதைக் கட்டுகிற ஆளையும் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? பதில் தேட வேண்டுமானால் முதலில் ஜங்க் என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

‘ஜங்க்’ என்ற பெயருக்கும், பயனற்ற பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் உறவில்லை. மலாய், ஜாவா மொழிகளில் பெரிய கப்பலை ‘ஜோங்’ என்றார்கள். அதைப் போர்ச்சுக்கீசியர் ‘ஜுங்கோ’ என்று எடுத்துக்கொள்ள, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சீனர்களிடம் இப்படி ஒரே பெயர் கிடையாது. கரைக்குக் கரை, ஆற்றுக்கு ஆறு கலம் வேறு, பெயர் வேறு. வடக்கே மணல் திட்டுகள் நிறைந்த ஆழம் குறைந்த கடல். அங்கே ஓடியது தட்டையான அடியுள்ள ‘ஷாச்சுவான்’, மணல்கப்பல். யாங்சி முகத்தில் எடுத்தார்களே, அது இந்த வகைதான். தெற்கே ஃபூஜியன் கரையில் கடல் ஆழம், அலையும் பெரிது. அங்கே கூர்மையான அடியும், கப்பலின் முதுகெலும்புபோல அடியில் நீளும் பலமான ஏராவும் கொண்ட ‘ஃபூச்சுவான்’. இன்னும் தெற்கே கான்டன் பக்கம் ‘குவாங்ச்சுவான்’. இவற்றுக்குள் நூற்றுக்கணக்கான உள்வகைகள். மேலே தெரிகிற பாயை வைத்து எல்லாவற்றையும் ஒன்று என்று நினைத்தவர்கள் வெளியாட்கள்தான்.

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கப்பலின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஐரோப்பியக் கப்பல்களில் ஏராவிலிருந்து விலா எலும்புகள்போல வங்குகள் எழும். சீனக் கப்பலில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவை குறுக்குச் சுவர்கள். பக்கத்துக்குப் பக்கம், அடியிலிருந்து மேல்தளம் வரை, கனமான பலகைகளால் அடைத்த சுவர்கள். மூங்கிலைப் பிளந்து பார்த்தால் கணுவுக்குக் கணு ஒரு தடுப்பு இருக்குமே, அந்த அமைப்பு. கப்பலுக்குப் பலம் கொடுப்பதும் அதுவே, உள்ளே அறை பிரிப்பதும் அதுவே. பாறையில் இடித்து ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் மற்ற அறைகள் வறண்டே இருக்கும். சரக்கைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டு ஓட்டையை அடைத்துக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். சுவர்களின் அடியில், ஏராவுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு துளை விடுவார்கள். சீனத்தில் அதற்கு ‘நீர்க்கண்’ என்று பெயர். சாதாரண நாளில் கசிவு நீர் அதன் வழியே ஓடி ஓரிடத்தில் சேரும், இறைத்துவிடலாம். ஆபத்து வந்தால் துளையை அடைத்துவிடுவார்கள்.

ஐரோப்பா இதைக் கவனிக்க வெகுகாலம் ஆயிற்று. 1787இல் பெஞ்சமின் பிராங்க்ளின், அமெரிக்காவுக்கும் பிரான்சுக்கும் இடையே ஓடப்போகும் தபால் கப்பல்களைச் சீனர்கள் செய்வதுபோல அறைகளாகப் பிரிக்கலாமே என்று எழுதினார். சீனத்திலோ அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது அன்றாட வேலை. 1974இல் ஃபூஜியனின் சுவான்ஜோ துறைமுகத்தின் ஹௌஜூ பகுதியில் தோண்டியெடுத்த சோங் வம்சத்துக் கப்பலே சாட்சி. மிஞ்சியிருந்த பகுதி மட்டும் 24 மீட்டர் நீளம். 12 குறுக்குச் சுவர்கள், 13 அறைகள். உள்ளே மிளகு, நறுமணக் கட்டைகள். ஏராவை இணைத்த மூட்டுக்குள் ஒரு வெண்கலக் கண்ணாடியும் காசுகளும் பதித்திருந்தார்கள். காசுகளை வைத்த ஒழுங்கு சப்தரிஷி மண்டலத்தின் வடிவம். ஃபூஜியன் ஓடாவிகளிடையே நெடுங்காலம் தொடர்ந்த வழக்கம் இது. நாம் வீடு கட்ட வாசக்கால் வைக்கும்போது நவதானியமும் காசும் வைக்கிறோமே, அந்த மனசுதான்.

சுவான்ஜோ என்றதும் தமிழ் வாசகர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். அந்த ஊரில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. சக ஆண்டு 1203, அதாவது பொ.ஆ. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிறது. அப்போது ஆண்டவர் குப்ளாய் கான். அந்தச் சோங் கப்பல் மூழ்கியதும் ஏறத்தாழ அதே பத்தாண்டில்தான். ஆக, நம் வணிகர்கள் அந்தத் துறையில் இறங்கி ஏறியபோது கண்ணில் பட்டவை இந்தப் பதின்மூன்று அறைக் கப்பல்கள். அவற்றில் ஏறிப் பயணமும் செய்திருப்பார்கள் என்று நினைப்பதில் தவறில்லை. அடுத்த நூற்றாண்டில் இப்னு பதூதா கோழிக்கோட்டில் சீனக் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றதைப் பார்த்து விரிவாக எழுதியிருக்கிறார். அதற்கும் அடுத்த நூற்றாண்டில் மிங் வம்சத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் படை இலங்கைக்குக் கொண்டுவந்த கல்லில் சீனம், பாரசீகத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. காலியில் 1911இல் கிடைத்த அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இன்னொரு சின்ன உறவும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள சந்தை அடைப்பதை நம் கரையில் கலப்பற்று என்பார்கள். சீன ஓடாவிகள் ராமி என்ற செடியின் நாரையோ சணலையோ, சிலநேரம் பழைய வலையைப் பிரித்தோ, சந்துக்குள் திணிப்பார்கள். அதன்மேல் சுண்ணாம்பையும் துங் எண்ணெயையும் சேர்த்து இடித்த பசையை அப்புவார்கள். துங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் அது. காற்றுப் பட்டால் இறுகும். சுண்ணாம்போடு சேர்ந்தால் கல்லாகிவிடும். சீனக் கரையில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் இந்தப் பசையை ‘சுனம்’ என்று எழுதினார்கள். இந்தியாவிலிருந்து அவர்கள் கொண்டுபோன சொல் அது. நம்முடைய சுண்ணம், சுண்ணாம்புதான்.

இனி பாய். படங்களில் வௌவால் இறக்கைபோலத் தெரியும் அந்தப் பாய் வெறும் அழகு இல்லை. பாயின் குறுக்கே வரிசையாக மூங்கில் கழிகள் கட்டப்பட்டிருக்கும். பழைய நாளில் பாயே மூங்கில் நார்ப் பாயாக இருந்தது. பிறகு பருத்தித் துணி வந்தது. துணியை ஒருவகை வள்ளிக்கிழங்கின் சாற்றில் ஊறவைப்பார்கள், மக்கிப் போகாமல் இருக்க. அந்தச் செம்பழுப்பு நிறம் அப்படி வந்தது. கழிகள் துணியை விறைப்பாகப் பிடித்துக்கொள்வதால் துணியில் விழும் இழுப்பு குறைவு. ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் அடுத்த கழியோடு நின்றுவிடும். ஒட்டுப்போட்ட பாயோடு கடல் கடந்தவர்கள் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, காற்று மிஞ்சும்போது பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிற்றைத் தளர்த்தினால் போதும். பாயின் மேல்விளிம்பில் உள்ள பருமல் என்ற கட்டையும் கழிகளும் தம் எடையால் சடசடவென்று இறங்கி, சாளரத் திரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்துவிடும். யாரும் பாய்மரத்தில் ஏற வேண்டாம். பெரிய பாயைக் கொஞ்சம் பேரே சமாளித்துவிடலாம். ஒவ்வொரு கழியிலிருந்தும் ஒரு கயிறு வந்து, எல்லாம் ஒரே பிடியில் சேரும். அந்தக் கயிறுகளை எந்தக் கணக்கில் விட்டுப் பிடிப்பது என்பதில்தான் அனுபவம் பேசும். பின்னால், அமரத்தில், ஏற்றி இறக்கக்கூடிய பெரிய சுக்கான். ஆழ்கடலில் கீழே இறக்கினால் கப்பல் பக்கவாட்டில் சரிந்து ஒதுங்காமல் பிடித்துக்கொள்ளும். ஆழமற்ற இடத்தில் தூக்கிவிடலாம். கான்டன் பக்கத்துச் சுக்கான்களில் வைர வடிவத் துளைகள் போடுவார்கள். திருப்புவதற்கு லேசாக இருக்கும்.

இந்தப் பாயின் சிறப்பை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டதற்கு ஓர் உதாரணம் போதும். 1960இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனி ஆளாகக் கடக்கும் முதல் படகுப் பந்தயத்தில், ஹாஸ்லர் என்ற ஆங்கிலேயர் தன் சிறிய படகில் ஜங்க் பாயைக் கட்டிக்கொண்டு போனார். 48 நாளில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். இன்றும் மேலை நாடுகளில் சிறு படகுக்காரர்கள் பலர் இந்தப் பாயையே கட்டுகிறார்கள். ஆகப் பாய் பிழைத்துக்கொண்டது. தவிப்பது மரமும் அதைச் செதுக்கும் கையும்.

ஏன் இப்படி ஆயிற்று? இயந்திரம் வந்தது என்பது ஒரு வரிப் பதில். உண்மைதான், ஆனால் அதற்குள் இருக்கும் மனிதர்களை அது மறைத்துவிடுகிறது. ஹாங்காங்கில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மீனவர்கள் தங்கள் ஜங்குகளில் டீசல் எஞ்சின் பொருத்தினார்கள். முதலில் பாயும் எஞ்சினும் சேர்ந்தே இருந்தன. பிறகு பாய் சுருங்கிற்று, பிறகு போயே போயிற்று. அவர்களைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை? அந்தக் கப்பலில்தான் அவர்கள் பிறந்தார்கள், சமைத்தார்கள், பிள்ளை வளர்த்தார்கள். புயல் வரும்போது காற்றை நம்பித் துறைக்குத் திரும்புவது எப்படிப்பட்ட பயம் என்று அவர்களுக்குத் தெரியும். எஞ்சின் உயிரைக் காப்பாற்றியது. சீனப் பெருநிலத்தில் 1950களில் மீன்பிடி கூட்டுறவு அமைப்புகளின் கைக்குப் போனது, அங்கேயும் எஞ்சின் படகுகள் பெருகின. பின்னர் எஃகு வந்தது. மரக்கப்பலுக்கான தேவை குறையக் குறையக் கற்பூரமரமும் தேவதாருவும் பெரிய அளவில் கிடைப்பதும் அரிதாயிற்று, விலையும் ஏறிற்று. மரக்கப்பலுக்குப் பராமரிப்பும் ஓயாத வேலை. அடிக்கடி கரையில் ஏற்றி, அடியில் புல்லைக் கொளுத்தி, ஒட்டிக்கொண்ட சிப்பிகளையும் புழுக்களையும் நெருப்பால் வாட்டி, மறுபடி எண்ணெய் பூச வேண்டும். அதைச் செய்ய வீடு நிறைய ஆட்கள் இருந்த காலம் போய்விட்டது.

சரி, எது மிஞ்சியிருக்கிறது?

சீனத்தை விட்டு வெளியே போன ஜங்குகளிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அவற்றைப் பற்றிப் பதிவுகள் அதிகம். 1846 டிசம்பரில் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட ‘கீயிங்’ நன்னம்பிக்கை முனையைச் சுற்றி 1847இல் நியூயார்க்கையும் 1848இல் லண்டனையும் அடைந்தது. லண்டனில் விக்டோரியா மகாராணியே வந்து பார்த்தார். கூட்டம் கூட்டமாக மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் ஆர்வம் வடிந்தது, மெர்சி ஆற்றங்கரையில் கப்பலை உடைத்துவிட்டார்கள். ‘நிங் போ’ என்ற இன்னொரு பெரிய ஜங்க் 1910களில் கலிஃபோர்னியாவுக்குப் போய்க் காட்சிப்பொருளாயிற்று. கடைசியில் காட்டலினா தீவில் 1938இல் எரிந்துபோனது. இரண்டு கதைக்கும் ஒரே வடிவம். வேடிக்கைப் பொருளாக வாங்கினார்கள். வேடிக்கை தீர்ந்ததும் கவனிப்பும் தீர்ந்தது.

மூன்றாவது கதையின் முடிவு வேறு. ‘சுதந்திர சீனா’ என்ற பெயர் பின்னால் வந்தது. 1890களில் ஃபூஜோவில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும், ஏறத்தாழ 24 மீட்டர் நீளமுள்ள ஜங்க் அது. 1955இல் தைவானில் மீன்வளத்துறை சார்ந்த வேலைகளில் இருந்த ஐந்து இளைஞர்களுக்கு ஓர் ஆசை. அமெரிக்காவிலிருந்து ஸ்வீடன் வரை நடக்கவிருந்த அட்லாண்டிக் படகுப் பந்தயத்தில் சீனக் கப்பலோடு கலந்துகொள்ள வேண்டும். பாய்க்கப்பல் ஓட்டிய அனுபவம் அவர்களில் யாருக்கும் இல்லை. கீலுங் துறைமுகத்தில் கப்பலை ஓட்டக் கற்றுக்கொண்டு புறப்பட்டார்கள். தைவானில் பணியிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதர் கால்வின் மெலர்ட்டும் கூடவே ஏறிக்கொண்டார், கையில் திரைப்படக் கேமராவோடு. புயலும் பழுதுமாகத் தடுமாறி யோகோஹாமாவில் நின்று, ஆகஸ்ட் மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தபோது பந்தயம் முடிந்தே போயிருந்தது. அதனாலென்ன? பசிபிக்கைக் கடந்துவிட்டார்களே!

அதற்குப் பிறகுதான் சோகம். கப்பலை அங்கிருந்த கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே அது நிலைக்கவில்லை. கை மாறிற்று. பாய்மரங்கள் போயின. சாக்ரமென்டோ டெல்டாவில் ஒரு படகுப் பட்டறையில், வெயிலிலும் மழையிலும், பல ஆண்டுகள் கிடந்தது. பழைய கப்பல்கள்மேல் பற்றுள்ள சிலர் அதை உடைக்க விடாமல் காத்தார்கள். அப்போது பயணம் போனவர்களில் உயிரோடிருந்த முதியவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் சேர்ந்து குரல் கொடுக்க, 2012இல் தைவானே அதை ஏற்றுக் கீலுங்குக்குக் கொண்டுவந்தது. கடலோடிப் போனது, இன்னொரு கப்பலின் சரக்காகத் திரும்பியது. புறப்பட்டு 57 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு ஜங்கின் உடல் தன் துறைக்கே திரும்பியது எனக்கு நெகிழ்ச்சியான விஷயம். ஆனால் அது இனிப் பாய் விரிக்கப் போவதில்லை. மரம் அந்த நிலையைத் தாண்டிவிட்டது. அந்தப் பயணத்தின் பெரிய சொத்து, சொல்லப்போனால், மெலர்ட் எடுத்த படச்சுருள். அந்த வகை ஜங்கைப் பாய் விரித்து ஓட்டும்போது எந்தக் கயிற்றை எப்போது இழுத்தார்கள் என்பதை அசையும் படத்தில் பார்க்க முடிவது மிக அபூர்வம்.

இப்படிப் பதிவுசெய்து வைப்பதையே வாழ்நாள் வேலையாகச் செய்தவர் ஒருவர் இருந்தார். சீனச் சுங்கத்துறையில் ஆற்று ஆய்வாளராக இருந்த ஜி. ஆர். ஜி. உஸ்டர். யாங்சியில் ஓடிய கலங்களை வகைவகையாக அளந்து, வரைந்து, படகுக்காரர்களோடு பேசி எழுதினார். சுங்கத்துறைத் தலைவர் ஃபிரெடெரிக் மேஸ் அவரை வேறு வேலைகளிலிருந்து விடுவித்து இதற்கென்றே அனுப்பினார். மேஸ், ஓடாவிகளைக் கொண்டே மாதிரிக் கப்பல்களும் செய்ய வைத்து லண்டனுக்குக் கொடுத்தார். இன்று யாராவது ஒரு யாங்சி ஜங்கைத் திரும்பக் கட்ட நினைத்தால் முதலில் தேடுவது இந்த வரைபடங்களைத்தான். சீனக் கரையில் அந்நிய அதிகாரத்தின் கருவியாக இருந்த ஒரு துறையிலிருந்து இந்த வேலை வந்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் அவர் வரைந்திருக்காவிட்டால் பல வகைகளின் பெயர்கூட மிஞ்சியிருக்காது.

மிதக்கும் ஜங்கைப் பார்க்க வேண்டுமானால் ஹாங்காங்குக்குப் போகலாம். சிவப்புப் பாய் ஜங்க் அந்த நகரத்தின் முகவரியாகவே ஆகிவிட்டது, சுற்றுலா வாரியத்தின் சின்னமும் அதுவே. ஆனால் விக்டோரியா துறைமுகத்தில் பாய் விரித்து வரும் கப்பல்களில் உண்மையாகவே மீன்பிடித்த பழைய ஜங்க் ‘தக் லிங்’ ஒன்றுதான் என்று சொல்லலாம். 1955இல் ஹாங்காங்குக்குப் பக்கத்திலுள்ள மக்காவ் நகரில் கட்டப்பட்டது. 18 மீட்டர் நீளம், வாத்துபோலப் பருத்த உடல், பெயரிலும் வாத்து உண்டு. ஒரு மீனவக் குடும்பம் அதில் வாழ்ந்தது. பிறகு வாங்கிப் புதுப்பித்தார்கள். 2014இல் மூழ்கியது. மறுபடி தூக்கி, பழுதுபார்த்து, 2015இல் ஓட விட்டார்கள். இப்போது பயணிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றிவருகிறது. அடியில் எஞ்சின் இருக்கிறது, பாய் பெரும்பாலும் படத்துக்காக. சிலர் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நான் சுளிக்க மாட்டேன். பயணிகள் தரும் காசில்தான் அதன் அடிப்பலகை மாறுகிறது, கலப்பற்று நடக்கிறது. யாரோ ஓர் ஓடாவிக்கு அதனால் ஒரு வேலை வருகிறது.

அந்த ‘தக் லிங்’ பிறந்த மக்காவ் நகரில் கொலோவான் தீவின் லை சி வுன் கிராமத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரமாக வரிசையாகப் பெரிய மரக் கொட்டகைகள், ஒவ்வொன்றும் ஒரு கப்பல் பட்டறை. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வேலை நின்றுபோனது. கொட்டகைகள் சாயத் தொடங்கின. 2017 மார்ச்சில் ஆபத்து என்று சொல்லி இரண்டை இடித்தார்கள். மக்கள் எதிர்த்துப் பேசினார்கள். அடுத்த ஆண்டு இறுதியில் அந்த இடம் பாரம்பரியச் சொத்துப் பட்டியலில் சேர்ந்தது. 2023இல் சீரமைத்த ஒரு பகுதியைத் திறந்தார்கள். காட்சிகள், பழைய கருவிகள், கப்பல் கட்டிய கதை எல்லாம் அங்கே இருக்கின்றன. நல்ல காரியம். கொட்டகையைக் காத்துவிட்டார்கள். கொட்டகைக்குள் நடந்த வேலை திரும்பவில்லை.

சீனத்தின் உள்நாட்டுக்குள் தை ஏரியில் ஏழு பாய்மரங்கள் கொண்ட மீன்பிடிக் கப்பல்கள் இருந்தன. ஏரிதானே என்று நினைக்க வேண்டாம், கண்ணுக்கு மறுகரை தெரியாத ஏரி. இங்கே பாய் கடற்கரையைவிட நெடுநாள் தாக்குப்பிடித்தது. பிறகு மீன்வளம் சரிந்ததால் 2020 அக்டோபர் 1 முதல் பத்து ஆண்டுகளுக்கு அந்த ஏரியில் மீன்பிடிக்கத் தடை வந்தது. ஏரிக்கு அது தேவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மீன்பிடிக்கவே பிறந்த கப்பலுக்கு அதன்பின் என்ன வேலை? மிஞ்சிய சில கப்பல்கள் சுற்றுலாவுக்கும் காட்சிக்கும் என்றாகிவிட்டன.

புதிதாகக் கட்டிப் பார்க்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன. அவற்றில் மனதைவிட்டு நீங்காதது ‘தைப்பிங் இளவரசி’. மிங் காலத்துப் போர்க்கப்பலின் அமைப்பில், ஃபூஜியனில், பழைய முறைப்படி மரத்தால் கட்டியது. 16 மீட்டர் நீளம், எஞ்சின் கிடையாது. மிங் காலத்துக் கப்பல் பசிபிக்கைக் கடந்து திரும்பியிருக்க முடியும் என்று காட்ட 2008இல் புறப்பட்டது. வட பசிபிக் வழியே கலிஃபோர்னியா, அங்கிருந்து ஹவாய், அங்கிருந்து வீடு நோக்கி. புயல்களைத் தாங்கிற்று. 2009 ஏப்ரல் 26 அதிகாலை, தைவானின் சூவாவ் கரைக்கு அருகே, வீடு சேர ஒரு நாள்கூட இல்லாத தூரத்தில், ஒரு ரசாயனச் சரக்குக் கப்பல் மோதி இரண்டாகப் பிளந்துபோனது. 11 பேரும் உயிர் பிழைத்தார்கள். செய்தியைப் பலர் தோல்வி என்று எழுதினார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. அந்தக் கப்பலைக் கட்டும்போது ஆசாரிகள் சிலரின் கையில் பழைய வேலை மறுபடி ஓடியது. மாலுமிகள் ஒரு குழு அந்தப் பாயோடு மாதக்கணக்கில் வாழ்ந்தது. கப்பல் போனாலும் அந்தக் கையும் அந்தப் பழக்கமும் கரை சேர்ந்தன.

நான் சொல்ல வருவது இதுதான். ஜங்க் ஒருபோதும் நூற்றாண்டுக் கணக்கில் நிற்பதற்காகக் கட்டிய பொருள் அல்ல. ஊர்த் தேரை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு போனால் அச்சை மாற்றுவோம், சக்கரம் போனால் சக்கரத்தை, சில தலைமுறையில் மரம் முழுவதுமே மாறியிருக்கும். அப்போதும் அது நம் ஊர்த் தேர்தான், ஏனென்றால் செய்கிற தச்சரும் இழுக்கிற வடமும் தொடர்கின்றன. ஜங்கும் அப்படி. பலகை பலகையாக மாறிக்கொண்டே ஓடிய பொருள். அதைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொட்டகையில் வைத்தால் மரம் காய்ந்து சுருங்கும், சந்து பிளக்கும், ஆணி துருவேறும். சேற்றில் கிடந்து கிடைத்த கப்பலுக்கு ரசாயனம் ஏற்றிப் பாதுகாக்கலாம், அது தொல்லியலின் வேலை, அவர்கள் நன்றாகவே செய்கிறார்கள். நேற்றுவரை மிதந்த கப்பலுக்கு அந்த மருந்து பொருந்தாது. அதற்குத் தேவை தண்ணீரும், கட்டணம் கொடுக்கும் வேலையும், ஆண்டுக்கு ஓரிரு முறை கரையேற்றிப் பார்க்கும் ஆளும்.

அந்த ஆளை எப்படி உருவாக்குவது என்பதில்தான் யுனெஸ்கோ பட்டியலின் வரம்பு தெரிகிறது. அந்தப் பட்டியல் வந்தபின் ஃபூஜியனில் நிங்டே நகரத்தை அடுத்த ஜாங்வான் ஊருக்கும், ஜின்ஜியாங்குக்கும் பெயர் கிடைத்தது, ஓடாவிகளுக்கு மரியாதை கிடைத்தது. கப்பல் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம் வரவில்லை. அதனால் மாதிரிக் கப்பல்கள் செய்கிறார்கள். மேசையில் வைக்கும் அளவு. அழகாகத்தான் இருக்கின்றன, குறுக்குச் சுவர்கூட உள்ளே இருக்கும். ஆனால் தலைமை ஓடாவியின் வேலை செதுக்குவது மட்டும் இல்லை. காட்டில் நிற்கும் மரத்தின் வளைவைப் பார்த்து அது கப்பலின் எந்த இடத்துக்கு ஆகும் என்று சொல்ல வேண்டும். நீண்ட பலகையைச் சூடாக்கி, ஆட்களைச் சுற்றி நிறுத்தி, எந்த நொடியில் வளைக்க வேண்டும் என்று குரல் கொடுக்க வேண்டும். பல ஆட்களை ஒரே தாளத்தில் வேலை வாங்க வேண்டும். மேசைமேல் இருக்கும் மாதிரியில் இதில் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. முழு அளவுக் கப்பல் ஒன்று அடித்தளத்திலிருந்து எழுந்தால்தான் ஓர் இளைஞன் இதைப் பார்த்துப் பழக முடியும்.

ஆகவே எனக்குச் சரியென்று படுவது, பெரிய பெயர் கொண்ட பொக்கிஷக் கப்பல்களைக் காட்டிலும், வேலை செய்யும் சின்னக் கப்பல்கள். துறைமுகப் பயணிகளுக்கு, கடல் படிக்கும் மாணவர்களுக்கு, சரணாலயக் காவலுக்கு என்று பத்துப் பதினைந்து மீட்டரில், ஓர் ஊருக்கு ஒன்றாக, இடைவெளி விடாமல் கட்டிக்கொண்டே இருக்கலாம். மரத்துக்கும் பயணிகள் உரிமத்துக்குமான விதிகள் எஃகுக் கப்பலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. மரக்கலத்துக்கென்று தனி விதி வேண்டும். செலவு? சேற்றிலிருந்து ஒரு கப்பலைத் தூக்க ஆகும் செலவில் சின்னப் பங்குதான் ஆகும்.

சுவான்ஜோவில் 1974இல் எடுத்த அந்தக் கப்பலின் பலகைச் சந்துகளில் நாரும் துங் எண்ணெயும் சுண்ணாம்பும் எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஆய்வுக்கூடத்தில் அதைப் பகுத்து என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ஜாங்வானில் அதே பசையை இன்னும் கையால் இடிக்கிறார்கள். எப்போது பதம் வந்தது என்பதை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்துத்தான் சொல்வார்கள்.